ஒன்பது நிமிடம் முந்தியவள்

விமானம் நாற்பத்தைந்து நிமிடம் முன்னதாகத் தரையிறங்கிவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டதும், தலைமைச் செவிலியின் முகத்தில் தானே அதை ஓட்டி வந்ததைப் போன்ற நிறைவு தோன்றியது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அறுவைக்கூடத்தில் கத்தி, கத்தரி, பஞ்சு என ஒவ்வொன்றையும் எண்ணி வைத்து, எண்ணி எடுத்துப் பழகியவள் அவள். காலந்தாழ்த்துவதை அவள் மன்னித்ததே இல்லை. மருத்துவமனையில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். அப்பெயரை வைத்தவர் யார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திருங்க. கதவு திறந்ததும் நாமதான் முதல்ல இறங்கணும்,” என்றாள் கணவரிடம்.

அவர் தையல்காரர். ஊசியில் நூல் கோப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியை இருபுறமும் துடைத்துக்கொள்ளும் நிதானம் அவருடையது.

“திறக்கட்டும்மா. ஊரு என்ன, நம்மளப் பாத்து எழுந்து ஓடவா போகுது?”

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த நகரத்தில் அவளுடைய தங்கை வாழ்ந்தாள். பிழைப்புக்காக வந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் அவளுடைய குடியிருப்பு ஆவணங்கள் முடிவாகவில்லை. எல்லையைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால் திரும்பி உள்ளே வர இயலாது. அக்கா இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் காரணம் கூறாமல் மறுத்துவிட்டார்கள். தங்கைக்கு ஆறு வயதில் ஒரு மகள். பெரியம்மா என்றால் கைபேசிக்குள் வந்து பேசும் ஒரு தலை என்றே அக்குழந்தை நினைத்திருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் தையல்காரர்தாம். வேறொரு நாட்டில் நடக்கவிருந்த அவருடைய அண்ணன் மகளின் திருமணத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது, எவரும் படிக்காத பொடியெழுத்தை எல்லாம் அவர் ஒரு பழைய தையலைப் பிரிப்பதைப் போலப் பொறுமையாகப் பிரித்துப் படித்தார். அதில் இருந்தது: மூன்றாம் நாடு ஒன்றுக்குச் செல்பவர், அடுத்த பயணத்துக்கு உறுதியான சீட்டு வைத்திருப்பாராயின், இருபத்துநான்கு மணிநேரத்துக்கு மிகாமல் விசா இன்றி நகருக்குள் சென்று வரலாம்.

செவிலி அதை மூன்று முறை படித்தாள். ஒரு சட்டத்துக்குள் இவ்வளவு மரியாதை இருக்கக்கூடும் என்று அவள் எண்ணியதில்லை. உன் சொத்து என்ன, சுற்றம் யார், திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன சான்று என்று ஒன்றையும் கேளாமல், வழிப்போக்கரை ஒரு நாள் உள்ளே வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லும் விதி அது. அதை எழுதியவர் ஒழுங்கான மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஒரு சொல்லும் மிகையில்லை.

இறங்குவது பகல் பன்னிரண்டு ஐம்பது. புறப்படுவது மறுநாள் பன்னிரண்டு முப்பது. இருபது நிமிடம் கையிருப்பு. அவள் கோப்பின் முதல் தாளில் இந்தக் கணக்கைத்தான் எழுதி ஒட்டியிருந்தாள்.

இறங்கியதும் தையல்காரர் கழிப்பறையைத் தேடிப் போனார். அவள் காத்திருக்கவில்லை. நீண்ட நடைபாதையில் இளைஞர்களையும் முந்திக்கொண்டு நடந்து, வழிப்பயணிகளுக்கான முகப்பில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

கண்ணாடிக்கு அப்பால் சாம்பல்நிறச் சீருடையில் ஓர் அதிகாரி அமர்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மேசைமேல் மூன்று முத்திரைக் கட்டைகள், கைப்பிடிகள் ஒரே திசையில் இருக்குமாறு அடுக்கப்பட்டிருந்தன. செவிலிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தாள், அடுத்த பயணச்சீட்டைப் பார்த்தாள், தட்டச்சு செய்தாள். பிறகு விரல்களைப் பலகையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டாள்.

“இப்ப மணி என்னங்க?”

“பன்னிரண்டு இருபத்தொண்ணு.”

“நாளைக்கு விமானம்?”

“பன்னிரண்டு முப்பது.”

“ஒன்பது நிமிஷம் கூடுதலா வருது. இருபத்துநாலு மணிநேரத்தை நான் முத்திரை வைக்கிற நேரத்துல இருந்துதான் எண்ணுவோம்.”

செவிலிக்குக் காதில் விழுந்தது. விளங்கச் சற்று நேரம் பிடித்தது. “விமானம் சீக்கிரமா வந்தா நான் என்னங்க பண்றது?”

“விமானம் மட்டும் வரலையே. நீங்களும் வேகமா நடந்து வந்துட்டீங்க.”

ஐம்பத்துநான்கு வயது வாழ்க்கையில் இந்தக் குற்றச்சாட்டை அவள் மீது எவரும் சுமத்தியதில்லை.

“வரிசையோட கடைசிக்குப் போய் நில்லுங்க,” என்றாள் அதிகாரி.

பள்ளியில்கூட யாரும் அவளைக் கடைசிக்கு அனுப்பியதில்லை. அவளுக்குக் காது மடல் சூடேறியது. “நான் முதல் ஆள். கடைசிக்கு எதுக்குப் போகணும்? முடியும், முடியாது, ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடுங்க. எனக்கு எதுவும் எழுத்துல இருக்கணும்.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். “எழுதினா முடியாதுன்னுதான் எழுதணும். அந்தப் பொத்தானைத் தட்டிட்டா, இந்தப் பயணம் முடியற வரைக்கும் இந்தக் கணினி உங்களைத் திரும்பிப் பார்க்காது. நான் இன்னும் தட்டல. தட்டட்டுமா?”

செவிலி அவளுடைய கைகளைப் பார்த்தாள். பலகைக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில், அசையாமல் நின்றன. அந்த நிலையை அவள் அறிவாள். பஞ்சுகளின் எண்ணிக்கை சரியாகும் வரை, ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி வயிற்றைத் தைக்காமல் காத்திருக்கும் நல்ல மருத்துவரின் கை அது.

கோப்பை எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போனாள்.

கடைசியில் தையல்காரர் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். “என்ன, தலைமை இங்க வந்து நிக்குது? வழி தவறிட்டியா?”

“பேசாதீங்க. பன்னிரண்டு முப்பதுக்கு முன்னால நாம அங்க போய்ச் சேரக் கூடாது.”

அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரிக்கவில்லை, மீசைதான் அசைந்தது. “இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தியா? இந்த வேலையில நான் கைதேர்ந்தவனாச்சே.”

ஆனால் வரிசை சிறியது. ஓரமாக ஒதுங்கி நிற்கவும் முடியாது. மஞ்சள் கோட்டுக்கு இப்பால் வரிசையில் அல்லாமல் எவரும் நிற்கலாகாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஒரே மூச்சில் கடந்தது. பன்னிரண்டு இருபத்தாறுக்கு அவளுக்கு முன்னால் ஒருவர்தாம் மிஞ்சினார்.

செவிலி திரும்பினாள். பின்னால் வந்து நின்ற மாணவிகள் இருவரிடம், “நீங்க முன்னால போங்கம்மா,” என்றாள். அவர்கள் நன்றி கூறிப் போனார்கள். அடுத்து ஒரு முதியவரை அனுப்பினாள். அப்போது பெரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஓர் ஆள், யாரையும் கேளாமல் அவளுக்கு முன்னால் நுழைந்து நின்றான். வரிசையை உடைத்தவர்களை அவள் எத்தனை மருந்தகங்களிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள்! நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“தாராளமா போங்க தம்பி.”

“கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல,” என்றார் தையல்காரர் காற்றைப் பார்த்து, “இந்தக் குரலை நான் கேட்டதே இல்ல.”

“என் வாயைக் கிளறாதீங்க. மணி என்ன ஆச்சு?”

“உன் கையிலதான் கடிகாரம் இருக்கு.”

“பாக்க பயமா இருக்குங்க.”

அவர் அப்புறம் கேலி செய்யவில்லை. எட்டி அவளுடைய மணிக்கட்டைத் திருப்பித் தாமே பார்த்தார். “முப்பத்திரண்டு. வா, இப்ப போலாம்.”

பெட்டிக்காரன் விலகினான். அதிகாரி அவர்களைப் புதிதாகக் காண்பவளைப் போலவே நிமிர்ந்தாள். கடவுச்சீட்டு, அடுத்த பயணச்சீட்டு, தங்குமிட முகவரி என எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள், ஒன்றையும் குறைக்கவில்லை. அந்த முழுமையைச் செவிலி கவனித்தாள். சலுகை என்று ஒன்றும் அங்கே நடக்கவில்லை. விதியில் எள்ளளவும் பிசகாமல், அதற்குள் ஒரு மனிதர் நிற்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் அந்தப் பெண் திறந்துவிட்டிருந்தாள்.

முத்திரைகள் விழுந்தன. பன்னிரண்டு முப்பத்துநான்கு.

“இருபத்துமூணு மணி ஐம்பத்தாறு நிமிஷம்,” என்றாள் அதிகாரி.

நன்றி என்ற சொல் போதாதென்று செவிலிக்குத் தோன்றியது. அறுவை முடியும் வேளையில் கூடம் முழுவதும் கேட்கும்படி தான் கூறும் சொற்களைச் சொன்னாள். “எண்ணிக்கை சரி.”

அதிகாரி முதன்முறையாகப் புன்னகைத்தாள். “நாளைக்கு மட்டும் அவரோட நடையில வந்துடாதீங்க. உங்க நடையிலயே வாங்க.”

வெளியே, தடுப்புக் கம்பிக்கு அப்பால் தங்கை இல்லை. வந்தவர்களை அழைத்துக்கொண்டு போனார்கள், கம்பி காலியாயிற்று. சிறுவயதிலிருந்து அவளுக்காகக் காத்துக் காத்தே வசைமொழியில் தேர்ந்தவள் அக்கா. தையல்காரர் அவளுடைய முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஒன்றேகால் மணிக்கு, பாதி பின்னிய சடையோடு, ஒரு கையில் குழந்தையை இழுத்துக்கொண்டு தங்கை ஓடி வந்தாள். “அக்கா... அத்தான்... வழியில வண்டி நகரவே இல்ல. திட்டாதேக்கா. ரொம்ப நேரம் ஆச்சா?”

அக்கா அவளுடைய சடையைப் பற்றினாள். பின்னாத பாதியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். “இல்லடி,” என்றாள்.

குழந்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெல்லக் குனிந்து பார்த்தது. “அம்மா, பெரியம்மாவுக்குக் காலெல்லாம் இருக்கு.”

தையல்காரர் கைக்குட்டையைத் தேடினார். செவிலி தரையில் மண்டியிட்டாள். ஓடி வந்ததில் குழந்தையின் செருப்பு வார் அவிழ்ந்து தொங்கியது. அதைத் துளையில் நுழைத்து மாட்டினாள்.

“அக்கா, வா. வெளியில வண்டியை நிறுத்தவிட மாட்டாங்க. சீக்கிரம்.”

“இரு,” என்றாள் அவள், நிமிராமலே. “இன்னொரு காலையும் பாத்துட்டு வரேன்.”