தங்கை இருந்த ஊர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் ஊசி குத்தியவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வெளிநாட்டு ஆசை வந்தது என்றால் யார் நம்புவார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் ‘லேப் அக்கா’ என்று கூப்பிடும் அவள், “பனிமலை பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஏழு பேர் கொண்ட சுற்றுலாக் குழுவில் தனியாளாகப் பெயர் கொடுத்தாள். மற்ற ஆறு பேரும் ஜோடி ஜோடி.

உண்மைக் காரணம் பயணத் திட்டத்தின் மூன்றாம் நாளில் இருந்தது. அன்று தங்கப்போகிற சிற்றூரின் பெயர்தான் பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு கடிதத்தின் முத்திரையிலும் இருந்தது. எழுதியவள் தங்கை. பிடித்தவனோடு வீட்டைவிட்டுப் போனவள். அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ‘அவன் போயிட்டான்க்கா. நான் மட்டும் இருக்கேன். ஒரு வரி எழுது’ என்று இருந்தது கடிதத்தில். அப்பா கண்ணை மூடட்டும், எழுதிக்கொள்ளலாம் என்று இவள் இருந்துவிட்டாள். அப்பா கண்ணை மூடியும் ஐந்து வருடம் ஆயிற்று. இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு எழுதுவது என்று கை ஓடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் விடுதியில் இறங்கினார்கள். படுக்கை விரிப்புகளைச் சுமந்துகொண்டு எதிரே வந்த பணிப்பெண் இவளைப் பார்த்தாள். விரிப்புகள் அத்தனையும் தரையில் விழுந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நகர்ந்து, படியிறங்கி ஓடிவிட்டாள்.

“நம்ம மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்று சிரித்தாள் கூட வந்த பேங்க் மேனேஜரின் மனைவி. லேப் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலை வலித்தது.

மாத்திரை வாங்க வழிகாட்டிப் பையனோடு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்தாள், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. ஏதோ கேட்டாள்.

அந்த ஊர்ப் பாஷை தெரிந்த வழிகாட்டி தயங்கினான். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ‘நீ ஏன் திரும்பி வந்தே?’னு கேக்குறாங்க.”

எத்தனையோ பேரிடம் ‘ரிசல்ட்டை டாக்டர் சொல்வார்’ என்று நழுவியவள் அவள். இங்கே நழுவ வழியில்லை.

“அது என் தங்கச்சி. அவ எப்போ செத்தான்னு கேளுங்க தம்பி.”

“போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலமாம். நிமோனியா.”

தங்கை வேலை பார்த்ததாகக் கடைக்காரம்மா கை காட்டிய சலவைக்கடை நாலு வீடு தள்ளித்தான் இருந்தது. அதன் உரிமையாளர் ஒரு பருத்த விதவை. ஆவியில் வெந்து சிவந்த கைகள். அவள் மட்டும் பயப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு இவளை உட்கார வைத்து, நிதானமாகப் பேசினாள்.

“டூரிஸ்ட் பஸ் சத்தம் கேட்டா போதுமாம் மேடம்” என்றான் வழிகாட்டி. “உங்க தங்கச்சி வேலையை அப்படியே போட்டுட்டு வாசல்ல வந்து நிப்பாங்களாம். எங்கக்கா ஒருநாள் இதுல வந்து இறங்குவாம்பாங்களாம்.”

“நான் வருவேன்னு எப்படி நெனச்சா? ஒரு வரிகூட எழுதலையே.”

இதை அவன் மொழிபெயர்க்கவில்லை.

தங்கை இருந்த மாடியறையை அதன்பிறகு யாருக்கும் வாடகைக்கு விடவில்லையாம். இரும்புக் கட்டில், சின்ன ஜன்னல், சுவரில் துண்டு போட்டு மூடிய ஒரு கண்ணாடி. ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டாள். உரிமையாளர் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வயசாக ஆக உங்க முகமே வந்துடுச்சாம். கண்ணாடியில அக்கா முறைக்கிறா, அதான் மூடிட்டேன்னு சொல்லுவாங்களாம்.”

இருவரையும் கீழே போகச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்தாள்.

“நான் முறைக்கலடி” என்றாள்.

கண்ணாடியில் இருந்தவள் அழுதுகொண்டிருந்தாள். இவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

மறுநாள் குழு அவளில்லாமல் கிளம்பியது. ஆறு நாள் கழித்து, திரும்பும் வழியில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. “தனியா பயமா இருக்காதா?” என்று மேனேஜர் மனைவி கேட்டாள். “அவ இருந்த அறைதானே” என்றாள் இவள்.

சும்மா உட்கார முடியாமல் இரண்டாம் நாளே சலவைக்கடையில் இஸ்திரி போட உட்கார்ந்தாள். பாஷை தெரியாவிட்டாலும் துணியை மடிக்கக் கண் போதும். ஊரார் மெல்ல மெல்லத் தலையசைக்கத் தொடங்கினார்கள். பணிப்பெண் மட்டும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாகவே போனாள்.

நாலாம் நாள் மதியம் தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது. வேறு ஏதோ குழு. தலையணை உறையொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், எழுந்ததே தெரியாமல் வாசலுக்கு வந்திருந்தாள். இறங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கடைசி ஆள் இறங்கும்வரை நகர முடியவில்லை.

உள்ளே உரிமையாளர் பழகிய கையால் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.