இயலாதோர் வண்டியில் காத்திருக்கலாம்

வெயில் சாய்ந்து, வீடுகளின் நிழல் தெருவின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்திற்கு மெல்ல நகர்ந்து, கடைக்காரர்கள் காலையில் இழுத்துக் கட்டிய துணிப்பந்தல்களைச் சுருட்டத் தொடங்கும் பிற்பகல் வேளை. பேருந்துகள் புழுதி கிளப்பிச் செல்லும் அகன்ற சாலையும், அதிலிருந்து கிளைத்து அச்சகங்களும் தையற்கடைகளும் தோளோடு தோள் நெருங்கி நின்ற குறுந்தெருவும், அதன் நடுவே சுண்ணம் உதிர்ந்த பழைய வீடும், அவ்வீட்டின் முன்னறைச் சாளரமும் என்றும்போலவே இருந்தன. அச்சாளரத்தருகே மேசையிட்டு அமர்ந்து, ஊர் சுற்றப் புறப்படுவோர்க்கெல்லாம் நாள்வாரியாக வழி வகுத்துக் கொடுப்பதையே இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருத்தி, படிப்போரே, அன்று முதன்முறையாகத் தன் கணவருக்கென்று ஒரு பயணம் வகுத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் எதிர்ச்சந்து அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அச்சேறுமுன் தாள்களைப் படித்துப் பிழை களைவது அவர் வேலை. பிழை கண்டால் உறக்கம் வராத அந்த மனிதர், மனைவி எழுதும் வழித்திட்டங்களையும் விட்டுவைத்ததில்லை. அவருடைய சிவப்பு மை படாமல் அவற்றுள் ஒன்றேனும் வாசல் தாண்டியதில்லை. "நமக்கும் ஒண்ணு எழுதேன். ஒரு கோயில், ஒரு கடற்கரை, பானை செய்யற ஊர் ஒண்ணு. மூணு நாள் போதும்மா" என்று அவர் ஆண்டுதோறும் கேட்பார். "இந்தக் கூட்டம் குறையட்டுங்க" என்று அவளும் ஆண்டுதோறும் தள்ளிப்போடுவாள். ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் தன் வீட்டுக்காரருக்கு மட்டும் கைவிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஐம்பது நாளைக்கு முன், குளித்துவிட்டு வந்தவர் கதவைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். வலக்கையும் வலக்காலும் மரத்துப்போயின, பேச்சு குழறியது. இப்போது கோலூன்றிப் பத்தடி நடக்கிறார். மருத்துவர் அவளைத் தனியே அழைத்து, பக்கவாதம் இன்னொரு முறை வந்தால் உடல் தாங்காது என்றும், போக விரும்பும் இடம் ஏதேனுமிருந்தால் இந்த மாதத்துக்குள் போய் வருவது நல்லது என்றும் சொன்னார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்து பருப்பை வேகவைத்தாள்.

அவருக்கு மரத்தது ஒரு பக்கம். அவளுக்கோ உள்ளும் புறமும். அவர் விழுந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாழிகை வந்ததால் உண்டாள், விளக்கணைந்ததால் படுத்தாள். பார்க்க வந்த நாத்தனார், "கல்லு மாதிரி இருக்காளே இவ!" என்று அடுக்களையில் முணுமுணுத்தது காதில் விழுந்தபோதும், யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று கை தானே எழுதிற்று. மனம் அதனோடு போகவில்லை. முதல் நாள் மலைக்கோயில், இரண்டாம் நாள் கடற்கரை, மூன்றாம் நாள் குயவர் சிற்றூர். எழுதி முடித்து, கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் தாளை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை இடக்கையால் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் வாய்விட்டே படித்தார்.

"காலை எட்டு மணி, மலைக்கோயில். முந்நூறு படிகள். இயலாதோர்..." என்று நின்றார். பிறகு குழறும் நாவால் ஒவ்வொரு சொல்லாக முடித்தார். "இயலாதோர் வண்டியில் காத்திருக்கலாம்."

இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லாத் திட்டங்களிலும் அவள் எழுதிவந்த வரி அது.

"இயலாதோர்னா நான்தானே?" என்றார்.

அவள் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலம்மா. இத்தனை வருஷமா இந்த வரியை நானும் படிச்சுட்டுதான் இருந்தேன். ஒரு தடவைகூடப் பிழைன்னு தெரியல பாரு." தாளை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். "நான் வரல. சன்னலோரம் காத்திருக்கறதுன்னா அதை வீட்டுலயே செய்யலாமே. நீ போயிட்டு வா."

அவள் மேசைக்குத் திரும்பினாள். அந்த வரியால் எத்தனை வண்டிகளில் எத்தனை பேர், ஏறிச் செல்வோரின் முதுகுகளைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்களோ என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணம் வந்தது, துயரம் வரவில்லை. ஆயினும் அவரின்றிப் போவதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாயிருந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

கோயில் காவலர், "முந்நூறு படிம்மா, அவரால ஏற முடியாது" என்றார்.

"ஏற வேண்டாங்க. கீழ உக்கார இடம் இருக்கா? அங்கேர்ந்து பார்த்தா ஏறுறவங்க தெரிவாங்களா?"

"வேப்பமரத்தடியில கல்மேடை இருக்கு. கடைசிப் படி வரைக்கும் தெரியும்."

கடற்கரைத் தேநீர்க்கடைக்காரர், இருக்கை ஒன்று உண்டென்றும், எந்தப் புண்ணியவானோ அதைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டுவிட்டான் என்றும் சொல்லிச் சிரித்து, ஆள் வைத்துத் திருப்பிப் போடுவதாக ஒப்புக்கொண்டார். பானை வனையும் பெண்ணோ, "நானே நாள் பூரா உக்காந்துதானே இருக்கேன்! பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டா ஆச்சு. இடக்கை இருக்குல்ல? மண்ணைத் தொட்டுப் பாக்கட்டும், கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள்.

வெளிச்சம் மங்குமுன் இரண்டாம் தாள் அவர் மடிக்கு வந்தது. அதில் அவ்வரி இல்லை. அதன் இடத்தில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "அவர் வேப்பமரத்தடியில் அமர்வார். அவள் ஏறுவாள். நூறாம் படியில் ஒருமுறை, இருநூறாம் படியில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை திரும்பி நின்று கையசைப்பாள்."

இம்முறை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. தலையணைக்கடியில் துழாவிச் சிவப்புப் பேனாவை இடக்கையால் எடுத்தார். 'நூறாம் படியில்' என்பதற்கு முன்னே, விட்டுப்போனதைச் சேர்க்கும் கூரிய குறியொன்றை இட்டு, அதன்மேல் கோணலும் மாணலுமாக எழுதினார்: "ஐம்பதிலும்."

"நூறு ரொம்ப தூரம்மா" என்றார்.

நெடுநேரம் மடக்கி அமர்ந்த காலில் குருதி மீண்டும் ஓடத் தொடங்கும்போது, படிப்போரே, முதலில் வருவது இதம் அன்று, குத்தல்தான். அவளுக்கும் அப்படித்தான் வந்தது. கட்டில் விளிம்பில் அமர்ந்து, ஐம்பது நாள் அழுகையையும் அவருடைய மரத்த வலக்கையில் முகம் புதைத்து அழுதாள். அந்த ஈரம் அக்கைக்குத் தெரியவில்லை. இடக்கை வந்து அவள் தலைமேல் அமர்ந்தது.

உடன் ஏற முடியாதவர்க்கு நாம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. போகிற வழியில் திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான். எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் கீழே அமர்ந்திருப்பவர்கள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வரச் சொல்லி, அவள் எழுந்து இருவருக்கும் சோறு போட்டாள்.