ஐந்தாவது எண்ணிக்கை

1934 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, காலை ஏழேகால் மணி. கோத்தா திங்கி ஊரிலிருந்து சைக்கிளில் வந்த விசுவலிங்கம் காட்டோரம் இறங்கி அப்படியே நின்றுவிட்டார். அரை ஏக்கர் நிலம் பெருக்கிய முற்றம் மாதிரிக் கிடந்தது. பெரிய மரங்கள் நின்றன. அவற்றின் கீழே ஒரு பச்சை இலை இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன் அந்த மரங்கள் ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டின. முளைத்த கன்றுகள் முதல் எண்ணிக்கையில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகரம் கட்டியவர் அவர், காட்டிலாகாவில் கணக்கெழுதும் கிராணி. தாய்மரத்து நிழலில் எத்தனை கன்று பிழைக்கும்? அந்தப் பக்கத்தில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் முழங்காலிட்டு, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து எண்ணினார். சிங்கப்பூர்த் தாவர ஆய்வுச் சங்கம் தகரமும் அளவுச் சங்கிலியும் தந்தது. ஐந்து எண்ணிக்கை முடிந்தால் தன் ஆய்விதழில் அச்சிடுவதாகச் சொன்னது. இன்று ஐந்தாவது. பார்வையிடச் சங்கத்தார் பத்து மணிக்கு வருகிறார்கள்.

பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் வெள்ளையம்மா ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினாள்.

"தகரம் ஒண்ணுகூடத் தொலையல, கிராணி ஐயா. எல்லாம் பொறுக்கி வச்சிருக்கோம்."

"காட்டுக்குத் தலை வாரி விட்டிருக்கோம்," என்றாள் அவளோடு புல்வெட்டும் ராசம்மா. "பொண்ணு பாக்க வராங்கல்ல!"

பெண்கள் சிரித்தார்கள்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது? கண் தெரியாதோ? நாலு வருசம்! இது காடு, உங்கட ரப்பர் தோட்டமில்லை!" என்று சீறினார் விசுவலிங்கம்.

"தோட்டத்துத் துரைதாங்க," என்றாள் வெள்ளையம்மா. "சங்கத்துலேருந்து கடுதாசி வந்துச்சாம், துரைமாருங்க நடக்கத் தோதா சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லி. எங்களுக்குச் சுத்தம்னா இதான். ரப்பர் பால்மரத்தடியில ஒரு புல்லு மிஞ்சினாலும் திட்டு வாங்குறவங்க நாங்க."

அவர் கேட்கவில்லை. கூலிக்கூட்டம் என்றார். மாட்டுக்கு இருக்கும் புத்திகூட இல்லை என்றார். அரைமணி நேரம் கத்தினார். பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். வெள்ளையம்மா மட்டும் குனியவில்லை.

பத்து மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. ஒன்பது பேர் இறங்கினார்கள். சங்கச் செயலாளர் அண்ணாந்து பார்த்தார்.

"அருமை. இப்போதுதான் மரங்கள் நன்றாகத் தெரிகின்றன."

விசுவலிங்கம் ஆங்கிலத்தில் சொன்னார்: கன்றுகள் போய்விட்டன, எண்ண எதுவும் இல்லை. செயலாளர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

"போன வருஷம் அறுநூற்றுப் பதினொன்று. குறைந்துகொண்டு வருவது தெரிகிறதே. நானூற்றைம்பது என்று போடும். இதழ் அச்சுக்குப் போக வேண்டும். எண் இல்லாவிட்டால் நீர் அடுத்து எண்ணப்போகும் நிலத்துக்குச் சங்கம் உதவாது."

உங்கள் கடிதம்தான் இதைச் செய்தது என்ற வாக்கியம் முழுதாக, பிழையற்ற ஆங்கிலத்தில், அவர் நாக்கில் வந்து நின்றது.

"சரி, சார்," என்றார்.

நானூற்றைம்பது முழு எண்ணாக இருக்கிறது, சந்தேகம் வரும் என்று நானூற்று நாற்பத்தேழு என எழுதினார். செயலாளர் அதன் கீழே கையெழுத்திட்டு, அவர் தோளைத் தட்டினார்.

கார்கள் போன புழுதி அடங்கியது. வெள்ளையம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எங்கள அம்புட்டுத் திட்டு திட்டினீங்களே, கிராணி ஐயா. கடுதாசி போட்டவங்க உங்க மூஞ்சிக்கு நேராத்தான் நின்னாங்க. அவங்கள ஏன் ஒரு வார்த்த கேக்கல?"