ஒரே சங்கம்

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் எங்களுக்கு இரண்டு சங்கம். முன்பெல்லாம் வாங்கிய ஓட்டுக்கு ஏற்றபடி இரண்டுக்கும் பேச்சுவார்த்தையில் நாற்காலி உண்டு. எங்கள் தலைவர் அய்யாசாமியும் மற்றச் சங்கத்துத் தலைவர் அசோக்குமாரும் மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரே பைக்கில் போவார்கள். வழியெல்லாம் சண்டை, உள்ளே போனால் ஒரே பேச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, முன்கூட்டிச் சொல்லாமல் லீவு போட்டதற்காகக் கான்டீன் மலர்கொடியைக் கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்தியபோதும் இருவரும் சேர்ந்துதான் மல்லுக்கட்டினார்கள். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று அந்த ஆளும் இறங்கி வந்திருந்தார்.

அதற்குள் சங்கத் தேர்தல் விதி மாறியது. அதிக ஓட்டு வாங்கும் சங்கம் மட்டும்தான் இனி பேசலாம். ஒரு ஓட்டு குறைந்தாலும் வெளியே. ஒரே குரலாக இருக்கும் என்று நாங்கள் குதித்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பைக் இரண்டானது. மலர்கொடிக்காகப் போராடுவது தாங்கள் மட்டும்தான் என்று அசோக்குமார் ஆட்கள் போஸ்டர் ஒட்டினார்கள். அய்யாசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் முன்னால் மைக்கைப் பிடித்தார்.

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டா எவன் சும்மா இருப்பான்? தப்பு பண்ணவங்களுக்கு வக்காலத்து வாங்கிகினு ஓட்டு கேக்குறாங்க!"

ஒரே கைதட்டல். சொற்ப ஓட்டில் ஜெயித்தோம்.

முதல் பேச்சுவார்த்தைக்கு அய்யாசாமியோடு நானும் போனேன். மலர்கொடி பேரை எடுத்ததும் கான்ட்ராக்டர் சிரித்தார்.

"தப்பு அந்தம்மா மேலதான்னு நீங்களே மைக்ல சொன்னீங்களே, தலைவரே?"

அய்யாசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அசோக்குமார் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருப்பார். வெளியே வந்ததும் அய்யாசாமி அவருக்கே போன் போட்டார்.

"ஒரு வாட்டி என்கூட வந்து பேசேன்ப்பா."

"என்னை உள்ளயே வுட மாட்டாங்க. வுட்டாலும், நான் முடிச்சுக் குடுத்தா பேரு உனக்கு. அப்புறம் என் ஆளுங்க என்னைச் சும்மா வுடுவாங்களா?"

அவரைச் சொல்லி என்ன? எங்கள் ஆட்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கேட் அருகே மலர்கொடி காத்துக்கொண்டிருந்தாள். "முடியலம்மா" என்றார் அய்யாசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனாரும் உங்களுக்குத்தாங்க ஓட்டு போட்டாங்க," என்றாள். "நான்தான் போடச் சொன்னேன். மைக்ல நீங்க பேசுனது சும்மா ஓட்டுக்குன்னு நெனச்சேங்க."