எழாத கட்டை

கச்சேரியின் முதல் பகுதி பாழ். கிளப்பின் பின்னறையில் பியானோக்காரி தண்ணீரைக்கூடத் தொடவில்லை. நேரடிப் பதிவுக்கு இசைத்தட்டுக் கம்பெனி தந்தது இந்த ஒரு மாலைதான். இரண்டாம் பகுதியில் அவள் எழுதிய மெதுவான பாட்டு சரியாக அமையாவிட்டால் ஆல்பமே கிடையாது.

"என் வாசிப்பு மேல ஏறி ஏறி மிதிக்கிற. இந்தப் பாட்டுல கீழ்ஸ்தாயிலயே கிட. மூக்க நுழைக்காத," என்றாள், டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் தன் தம்பியிடம்.

"சரிக்கா."

"எனக்கும் எதாவது தடை உண்டாம்மா? குச்சிய இப்பவே கீழ வச்சிடவா?" என்றார் டிரம்ஸ்காரர். யாரும் சிரிக்கவில்லை.

போகிற போக்கில் ஒலிப்பதிவாளரிடமும் சொன்னாள்: "பேஸ் மைக்க நல்லா குறைச்சிடுங்கண்ணே." அவர் தலையாட்டினார். பின்னால் வந்த தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று.

பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அந்தப் பாட்டு எங்கே சுற்றினாலும் ஒரே ஸ்வரத்தில்தான் வந்து இளைப்பாறும். முதல் சுற்றில் அந்தக் கட்டையை அழுத்தினாள், ஒலித்தது. விரலை எடுத்தாள். கட்டை எழவில்லை. இனி அந்த ஸ்வரம் பியானோவில் ஒலிக்காது.

நிறுத்தினால் எல்லாம் போச்சு. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. மைக்குகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. முன்னால் பள்ளம் என்று தெரிந்தே விரல்கள் அடுத்த சுற்றுக்குப் போயின.

ஓரக்கண்ணில் தம்பியின் கை தந்தியில் சரசரவென மேல்ஸ்தாயிக்கு இடம் மாறுவது தெரிந்தது. இவ்வளவு சொல்லியும் அடங்கவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவள் விட்ட இடத்தில், கொஞ்சம் கரகரப்பாக, அதே ஸ்வரம் வந்து விழுந்தது. அவன் பள்ளத்தைப் பார்த்துவிட்டிருக்கிறான். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அவள் இடம் விட்டாள், அவன் நிரப்பினான். கடைசி ஸ்வரமும் அவனுடையதே.

கைதட்டலுக்கு நடுவேதான் அவளுக்கு உறைத்தது. மைக்கைக் குறைக்கச் சொன்னது அவளேதானே! விளக்கு அணைந்ததும் ஒலிப்பதிவாளரிடம் ஓடினாள்.

"அண்ணே, தம்பி வாசிச்சது..."

"விழுந்திருக்கும்மா. நான் குறைக்கல."

"தலையாட்டினீங்களே?"

"ஆட்டினேன். கூடப்பிறந்தவங்க கோவத்தையெல்லாம் நான் பதிவுல ஏத்துறதில்ல."

அவளுக்குக் கண் கலங்கியது. நம் பேச்சைக் கேட்காத நல்லவர்கள் சிலரையும் கடவுள் நம் பக்கத்தில் நிறுத்திவைக்கிறார்.

மேடையில் தம்பி பியானோவுக்குள் தலையை விட்டுக் கட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். "அடுத்ததுக்கும் கீழ்ஸ்தாயாக்கா?"

"மேல வாடா, யாரு தடுத்தா?"

"அப்ப என் குச்சிய நான் எடுத்துக்கலாம்," என்றார் டிரம்ஸ்காரர்.

இந்த முறை அவள்தான் முதலில் சிரித்தாள்.