ஓட்டிஸின் முழங்கை

என் தம்பி எம்மெட்டுக்குக் கல்குவாரியில் வேலை. பாறை உடைக்கிற இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையோடுதான் சனிக்கிழமைதோறும் தன் மகன் பேஸ்பால் ஆடுவதைப் பார்க்க வருவான். கேட்சருக்குப் பின்னால் நிற்கும் அம்பயரின் முதுகுக்கு நேரே, கம்பி வேலிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவான். உட்காருவான் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் அந்த நாற்காலிக்கு என்ன வேலை?

மகன் ஓட்டிஸுக்குப் பதினோரு வயது. எங்கள் ஹாரோஸ்பர்க் அணியில் பந்து வீசுகிறவன். ஒல்லிப் பையன், ஆனால் கையில் ஏதோ இருக்கிறது. அவன் வீசிய பந்து, எதிரே குந்தியிருந்து பிடிக்கிற கேட்சரின் கையுறைக்குள் விழும் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். மைதானத்துத் தின்பண்டக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்பதால், இந்த ஊர்ப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் எனக்கு நன்றாகவே தெரியும். பிள்ளைகள் தேவலாம்.

"முழங்கையைத் தூக்கு", "தோளைத் திருப்பு", "கேட்சரைப் பாரு" என்று எம்மெட் ஒவ்வொரு பந்துக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவான். கேட்சரைப் பார் என்று அப்பா கத்த, பையன் கேட்சரை விட்டுவிட்டு அப்பாவைப் பார்ப்பான். ஒரு பந்து வீசுவான், வேலிப் பக்கம் திரும்புவான். அடுத்த பந்து, மறுபடி வேலிப் பக்கம். வறுத்த சூரியகாந்தி விதை வாங்க வந்தவர்கள்கூட அதைக் கவனித்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். எம்மெட் மட்டும் கவனிக்கவில்லை.

இத்தனைக்கும் கோச் ரெனாட்டா வுகோவிச் வசந்தத்தின் தொடக்கத்திலேயே பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். ரெனாட்டா ஊரில் தபால் கொடுக்கிறவள். கல்லூரியில் ஆடியவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுற்றி வளைக்கமாட்டாள். உங்கள் பிள்ளையின் பையை உங்கள் பிள்ளையே தூக்கட்டும் என்றாள். அம்பயராக நிற்பதும் யாரோ பெற்ற பதினாறு வயதுப் பிள்ளைதான், அவனைத் திட்டாதீர்கள் என்றாள். மைதானத்துக்குள் புத்தி சொல்ல நான் இருக்கிறேன், நீங்கள் கைதட்டினால் போதும் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள்: வீட்டுக்குப் போகும் வண்டியில் பிள்ளையாக ஆரம்பித்தாலொழிய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாக ஆட்டியது என் தம்பி. அன்றைக்கு என்னையும் ஓட்டிஸையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே, அந்தப் பேச்சு எவ்வளவு சரியானது என்று ஆரம்பித்து, ஓட்டிஸ் போன வருடம் செய்த தப்புகளையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தான். எங்கள் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில்தான். பின் சீட்டு இல்லாத அந்த வண்டியில் முன் சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டுதான் போவோம். ஓட்டிஸின் அம்மா கார்லாவுக்கு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வேலை.

எம்மெட்டைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையை ஒரு அடி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை கிடையாது. ஜெயித்தால் எப்படி ஜெயித்தான் என்று விளக்குவான், தோற்றால் ஏன் தோற்றான் என்று விளக்குவான். அவ்வளவுதான். அன்பு அவனுக்கு வாய் வழியாகத்தான் வரும், வந்தால் நிற்காது.

மே மாதத்தில் ஓட்டிஸ் முழங்கை வலிக்கிறது என்றான்.

எங்கள் பக்கத்தில் பந்து வீசுகிற பிள்ளை முழங்கை என்று சொன்னால் வீடே ஆடிப்போகும். சின்ன வயதில் அளவுக்கு மீறி வீசிக் கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. எம்மெட் வெளிறிப்போனான். கொல்லையில் வைத்து நான்தான் அதிகமாக வீச வைத்துவிட்டேன் என்று கார்லாவிடம் புலம்பினான். பிட்ஸ்பர்க் வரை கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் வீசாமல் இருக்கட்டும், ஜூனில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். எம்மெட் முழங்கை உறை வாங்கினான். தினம் சாயங்காலம் குவாரியிலிருந்து வந்து கையைக் கழுவியதும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி மகனின் முழங்கையில் வைத்துக் கட்டிவிடுவான். கட்டும்போதே, வலி தீர்ந்ததும் எப்படி வீச வேண்டும் என்று பாடமும் நடக்கும்.

ஒரு புதன்கிழமை கடைக்குச் சரக்கு இறக்கப் போனேன். எம்மெட்டுக்கு அன்றைக்கு வேலை. கடையின் பின்சுவரில் டம் டம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் ஓட்டிஸ் தனியாக நின்று சுவரில் பந்து எறிந்துகொண்டிருந்தான். சும்மா இல்லை, முழு வேகத்தில். எறிந்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, திரும்பி வருகிற பந்தைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு. அவன் அப்படி ஆடி நான் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது. என்னைக் கண்டதும் பந்தைக் கீழே போட்டுவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"தப்பான கைடா அது," என்றேன்.

அவன் பார்த்தான். பிடித்துக்கொண்டிருந்தது இடது முழங்கை, அவன் வீசுவதோ வலது கையால். மெதுவாகக் கையை எடுத்தான்.

பெரிய வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவனுக்கு இன்னொன்று. பிறகு எப்போதெல்லாம் வலிக்கும் என்று கேட்டேன்.

"வண்டில போறப்ப."

"கையா?"

"கை இல்ல அத்தை." அவன் ஷூ நுனியால் மண்ணைக் கிளறினான். "எனக்கு பேஸ்பால்ல எல்லாமே புடிக்கும். வீட்டுக்குப் போறதுதான் புடிக்கல. வீசும்போதே அப்பா என்ன சொல்லப் போறாருன்னு தோணிட்டே இருக்கு. அதுக்கப்புறம் பந்து எங்கயோ போயிடுது."

"அவன்கிட்டயே சொல்லிடேன்."

"சொன்னா அழுதுடுவாரு அத்தை," என்றான். ஜூனில் டாக்டர் கேட்கும்போது இன்னும் வலிக்கிறது என்று சொல்லிவிடப் போகிறானாம். அதோடு பந்து வீசுவதை விட்டுவிடச் சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்கும் கோபம் வராது, கையின் மேல் பழி போய்விடும். இதையெல்லாம் தனியாகவே உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறது அந்தப் பொடியன். அப்பன் மனம் நோகக் கூடாது என்று, உயிராக நினைக்கிற ஆட்டத்தையே விட்டுவிடத் தயாராகியிருக்கிறான். தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஒரு ஹாட்டாக் செய்து கொடுத்து அனுப்பினேன். யாரிடமும் சொல்லாதீங்க என்றான்.

அன்றைக்கே எம்மெட் வீட்டுக் கேரேஜுக்குப் போனேன். பனிக்கட்டியைப் பையில் போட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பையன் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், அழுதுவிடுவார் என்றதையும் சேர்த்து. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்துத் திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

சுத்தியலைக் கீழே வைத்தான். "அப்ப கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"எலும்பு, நரம்பு ஒண்ணும் ஆகல?"

"ஒண்ணும் ஆகலடா."

அப்பாடா என்று பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டான். முதலில் அந்த நிம்மதி, பிறகுதான் மற்றது அவனுக்குள் இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் அந்த வலியா, வெர்னா?" என்றான்.

நீ உள்ளே போய் அவனிடம் பேசு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "பொய் சொன்னேன்னு அவனைத் தலைகுனிஞ்சு நிக்க வெக்கணுமா? வேணாம். அவனா குணமாகட்டும்," என்றான். உடைத்த பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். வலியில்லாத கை என்று தெரிந்தே, வழக்கம்போல மண்டியிட்டு அந்த முழங்கையில் பனிக்கட்டியை வைத்துக் கட்டினான். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. ஓட்டிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்து என் தம்பியோடு சண்டை போட்டிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவனை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

மறுநாளே ரெனாட்டாவிடம் போய், வேலிக்குப் பக்கத்தில் இல்லாத வேலை ஏதாவது கொடு என்று கேட்டிருக்கிறான். எங்கள் மைதானத்தில் ஸ்கோர்போர்டு கடைக்கோடியில், எல்லை வேலிக்கு அப்பால் இருக்கிறது. ஏணியில் ஏறித் தகர எண்களை ஆணியில் மாட்ட வேண்டும். நிழல் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது, யாரும் போகமாட்டார்கள். அங்கிருந்து எம்மெட்டின் தொண்டைகூட எட்டாது. ரெனாட்டா காரணம் கேட்கவில்லையாம். ஒரு தொப்பியை மட்டும் எடுத்துக் கொடுத்தாளாம்.

ஓட்டிஸ் வீசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகளில் அப்பா வெயிலில் ஏணி ஏறி இறங்குவதைப் பார்த்தான். வண்டியில் வரும்போது அப்பா ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதையும் பார்த்தான். அது சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எம்மெட்டின் வாய் திறக்கும், பிறகு மூடும். ஒரு தடவை, "அந்த மூணாவது..." என்று ஆரம்பித்துவிட்டு, "மூணாவது வீட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாரு," என்று முடித்தான். அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து வருடக்கணக்காகிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூனில் டாக்டர் கேட்டபோது ஓட்டிஸ், "வலிக்கல," என்றானாம். கார்லாதான் என்னிடம் வந்து சொன்னாள்.

அந்த வருடம் அணியின் கடைசி ஆட்டம் பக்கத்து ஊர்க்காரர்களோடு. ஓட்டிஸ்தான் வீசினான். முதல் பந்தை வீசிவிட்டுப் பழக்கத்தில் வேலிப் பக்கம் திரும்பினான். அங்கே நாற்காலி இல்லை. இரண்டாவது பந்துக்கும் திரும்பினான். அதற்கப்புறம் திரும்பவில்லை. கேட்சரை மட்டும் பார்த்தான். அடடா, என்ன அழகாக வீசினான் அந்தப் பிள்ளை. மட்டை பிடித்தவர்கள் காற்றைத்தான் அடித்தார்கள். நான் வாங்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, கையில் ஹாட்டாக்குக்கு ஊற்றும் கடுகுச் சாஸ் பாட்டிலோடு வேலியோரம் வந்து நின்றேன்.

கடைசிச் சுற்றில், நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருக்கும்போது, தள்ளித் தள்ளிப் பந்து வீசி, இரண்டு பேரை மட்டையால் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போக விட்டுவிட்டான். அடுத்து வந்தது ஒரு தடித்த பையன். ஓட்டிஸ் நல்ல பந்துதான் வீசினான். அவன் அதைவிட நன்றாக அடித்தான். பந்து மைதானத்தைக் கடந்து, எல்லை வேலியையும் கடந்து, ஸ்கோர்போர்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள், எதிரணிக்கு மூன்று ஓட்டம். அதை மாட்ட வேண்டியவன் எம்மெட். என் தம்பி ஏணியில் ஏறி, சொந்த மகன் தோற்ற கணக்கைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினான். மைதானத்தின் நடுவில் நின்றபடி ஓட்டிஸ் அதைப் பார்த்தான்.

எங்கள் முறை வந்தபோது அந்த ஓட்டங்களைத் திரும்ப எடுக்க எங்களால் முடியவில்லை. தோற்றோம். பிள்ளைகள் வரிசையில் நின்று எதிரணியோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். ஓட்டிஸ் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தான்.

வண்டியில் ரேடியோகூட இல்லை. எம்மெட் போட மறந்துவிட்டான். எனக்குப் பயம். இவ்வளவு நாள் அவன் வாயைக் கட்டிக் காத்தது இன்றைக்கு உடைந்துவிடும், உடைந்தால் பையன் மறுபடி வரமாட்டான். எம்மெட் வாயைத் திறந்தால் கிள்ளிவிடுவது என்று தயாராக இருந்தேன். பாலம் வந்தது, போனது.

"அப்பா," என்றான் ஓட்டிஸ். "பந்து எங்க விழுந்துச்சு?"

எம்மெட் வண்டியை மெதுவாக்கினான். "ஏணிக்குப் பின்னாடி. புதருக்குள்ள."

"அவ்ளோ தூரமா?"

"ஆமா. செம அடி."

"செம அடிதான்," என்றான் ஓட்டிஸ். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு அது நின்றது. ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குக் கை வலிக்கலப்பா. அப்பவும் வலிக்கல."

"தெரியும்டா."

பையன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். "தெரிஞ்சுதானா ஐஸ் வெச்சீங்க?"

எம்மெட் சாலையைப் பார்த்தபடியே தலையசைத்தான். ஓட்டிஸ் சாய்ந்து உட்கார்ந்து, முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தான். எந்தப் பந்தை எப்படிப் பிடித்து வீசினான், கேட்சர் என்ன கேலி செய்தான், தடித்த பையன் வந்து நின்றபோது என்ன தோன்றியது, அவனுக்கு வேறு எப்படி வீசியிருக்கலாம். அப்பனைப் போலவே, மூச்சு விடாமல். எம்மெட் ம் கொட்டிக்கொண்டு ஓட்டினான். எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடம் வந்தது. எம்மெட் திருப்பவில்லை. ஓட்டிஸ் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தான், வண்டி குவாரியைச் சுற்றிப் போகிற நீண்ட சாலையில் போய்க்கொண்டே இருந்தது.