கூரையில் ஒட்டிய மூன்றாம் தட்டு

ஏணியின் ஐந்தாம் படியில் நின்று, கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த கல்யாணக் கேக்கின் மேல்தட்டைத் தையல்காரர் துடைப்பக் கட்டையால் கீழே தள்ளிக்கொண்டிருந்தபோது மணி ஒன்றேகால். நாலு மணிக்கு மகளுக்குக் கல்யாணம். கீழே அவருடைய அக்கா, பொத்தானுக்குக் காஜா எடுத்தே விரல் காய்த்தவள், மேஜை விரிப்பை இரு கையாலும் விரித்து ஏந்தி நின்றாள்.

"மெதுவாடா! உரசினா கிரீம் போயிடும்!"

கேக் மிதந்ததற்காக அந்தத் தெருவில் யாரும் வாய் பிளக்கவில்லை. ஏக்கத்தோடு கலந்த மாவு தட்டில் உட்காராது என்பது ஊரறிந்த சங்கதி. தபால்காரரின் மகன் கப்பலேறிய வருடம் அவர் வீட்டுக் கஞ்சி மூன்று வாரம் கிண்ணத்துக்கு மேல் ஓர் அங்குலம் நின்றது. முட்டை விலை ஏறியதும் அதே வருடம்தான். தையல்காரரின் மனைவி இறந்தபோது அவர் சுட்ட ரொட்டி ஒன்பது மாதம் மேஜையைத் தொடவில்லை. அப்பாவும் எட்டு வயது மகளும் எட்டிப் பிடித்துத் தின்றார்கள். அதன்பின் பதினாறு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

கேக்கை வீட்டிலேயே செய்வது என்று முடிவானதும் ஆளுக்கொரு தட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அடித்தட்டு அத்தைக்கு, நடுத்தட்டு அப்பாவுக்கு, மேல்தட்டு மகளுக்கு. அளவெல்லாம் இஞ்ச் டேப்பில். தையல்காரப் புத்தி, எதற்கும் சுருங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்குலம் கூட்டி வைத்தார்கள். கேக் எங்கே சுருங்கும்? அடித்தட்டு பலகைக்கு வெளியே தொங்கியது. அத்தை கத்தரிக்கோலால் சுற்றி வெட்டிச் சரிசெய்தாள். மேல்தட்டுதான் வைத்த கையை எடுத்ததும் எழும்பியது. இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்தார்கள். பெட்டியும் சேர்ந்து எழும்பியது. நடுத்தட்டோடு வைத்து நூல் போட்டுத் தைத்தார்கள், நூல் அறுந்தது.

"உண்மையச் சொல்லுடி. மனசுல வேற யாராவது இருக்கானா?"

"ஐயோ அத்தே, சத்தியமா இல்ல. எனக்கு இவரத்தான் பிடிச்சிருக்கு."

"அப்புறம் அது ஏன் மேல போவுது? வாயுத் தொல்லையா?"

பெண் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தால் என்ன நினைப்பான் என்பதே அவளை அரித்தது. அவன் மின்கம்பம் ஏறுகிறவன். அண்ணாந்து பார்ப்பதே தொழில்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். அவன் பார்த்தான். முகம் சுண்டியது.

"யார் கலந்தது?"

"நான்தான்," என்றாள் மகள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அவன், மாமனார் தைத்துக் கொடுத்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். மூன்றாவது பொத்தானில் தையல்காரர் ஏணியை விட்டு இறங்கினார்.

"போட்டுக்குங்க மாப்ளே. அது அவ கலந்தது இல்ல. வெந்துச்சா வெந்துச்சான்னு அடுப்புக் கதவத் தொறந்து தொறந்து பாத்தா, அவளோடது நடுவுல அமுங்கிப் போச்சு. பாத்தா அழுவாளேன்னு, அவ பூ வாங்கப் போன நேரத்துல நான் புதுசா கலந்து சுட்டு வெச்சேன். சத்தமில்லாம இறக்கிடலாம்னு நெனச்சேன். வரமாட்டேங்குது."

மாப்பிள்ளை பொத்தான்களைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். பின்னாலேயே அவளும். சரியாக நாலு மணிக்கு, கூரையோரம் கேக்கை வெட்டினார்கள். துண்டுகள் விழவில்லை, விருந்தாளிகள் நாற்காலி போட்டு ஏறிப் பறித்துத் தின்றார்கள். இனிப்பு சரியாக இருந்தது.

மருந்துக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது துண்டோடு தையல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பதினாறு வருஷமாச்சே சம்பந்தி. இன்னும் அவங்க நெனப்புதானா?"

"அந்த ஏக்கம் எப்பவோ இறங்கிடுச்சு சம்பந்தியம்மா," என்றார் அவர், ஏணியின் உச்சியில் வாயெல்லாம் கிரீமாகச் சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தபடி. "ரெண்டு தெரு தள்ளித்தான் போறா, தெரியும். கலக்கும்போது இவளத்தான் நெனச்சேன்."